டாக் வாட்சனின் முதல் தனி இசைத்தட்டு: ஃபிடிலின் இடத்தில் ஒரு கிட்டார்

அமெரிக்காவின் பழைய கன்ட்ரி இசையில் கிட்டாருக்கு நெடுங்காலம் பக்கத்துணை வேலைதான் வாய்த்திருந்தது. மெட்டை ஃபிடில் (வயலினுக்கு நாட்டுப்புற வழக்கில் உள்ள பெயர்) எடுத்துச் செல்லும், தோல் போர்த்திய கம்பி வாத்தியமான பேஞ்சோ அதனோடு சேர்ந்து ஓடும், கிட்டார் பின்னாலிருந்து தாளத்தையும் சுருதியையும் தாங்கிக் கொள்ளும். கார்ட்டர் குடும்பக் குழுவின் கிட்டார் கலைஞரான மேபெல் கார்ட்டர் 1920களின் இறுதியிலேயே தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்காட்டி இந்த வழக்கத்தை அசைத்துப் பார்த்தார். அவருக்குப் பின் வேறு சிலரும் முயன்றார்கள். ஆனாலும் ஃபிடிலுக்கென்றே உருவான வேகமான நடன மெட்டுகளை ஒரு சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில், கம்பியைத் தட்டும் சிறு தகடான பிக் ஒன்றை மட்டும் விரல்களிடையே பிடித்துக்கொண்டு, ஃபிடில் இல்லாத குறையே தெரியாதபடி வாசிக்கலாம் என்பதைப் பெருந்திரளான கேட்போருக்கு உணர்த்தியவர் டாக் வாட்சன்தான். வான்கார்டு நிறுவனம் 1964-இல் அவர் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட முதல் தனி இசைத்தட்டைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆர்தெல் லேன் வாட்சன் 1923-இல் வட கரோலினாவின் மலைப்பகுதியில் உள்ள டீப் கேப் என்ற ஊரில் பிறந்தவர். முதல் பிறந்தநாள் வருவதற்கு முன்பே கண்நோயால் பார்வையை இழந்தார். இந்த இசைத்தட்டைப் புரிந்துகொள்ள அவருடைய 1950களைத்தான் முக்கியமாக அறிய வேண்டும். அப்போது அவர் உள்ளூர் நடனக் குழு ஒன்றில் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துவந்தார். நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸ் ஆடுவோருக்கு ஃபிடில் மெட்டுகள் வேண்டும், குழுவிலோ ஃபிடில் வாசிக்க ஆள் இல்லை. அதனால் அந்த மெட்டுகளைக் கிட்டாரில் எடுத்து வாசிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. புதுமை செய்து காட்ட வேண்டும் என்ற ஆசையைவிட, ஆடுபவர்களின் கால்கள் நின்றுவிடக் கூடாது என்ற கவலையே அந்த வாசிப்பை உருவாக்கியது. வேகம் எவ்வளவு கூடினாலும் தாளம் இம்மியும் பிசகாத அவருடைய வலக்கை அந்த நடனத் தளங்களில்தான் பழகியது.

பழைய பாடகரான கிளாரன்ஸ் ஆஷ்லியைப் பதிவு செய்வதற்காக 1960-இல் அந்தப் பகுதிக்கு வந்த நாட்டுப்புற இசை ஆய்வாளர் ரால்ஃப் ரின்ஸ்லர்தான் டாக் வாட்சனை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். இதைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பியானோக்களுக்குச் சுருதி கூட்டியும் நடனங்களுக்கு வாசித்தும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு முழுமையான கலைஞரை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. நகரத்துக்குத்தான் அவரைத் தெரிந்திருக்கவில்லை. 1963-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடையேறியபோது அவருக்கு வயது 40. முதல் தனி இசைத்தட்டு என்று பெயரே தவிர, இதில் கேட்பது முப்பது ஆண்டுப் பழக்கம் கொண்ட கை.

அந்தக் கையின் அருமை முழுவதும் வெளிப்படுவது 'பிளாக் மவுண்டன் ராக்' என்ற வாத்திய இசைப் பகுதியில். ஃபிடில் வாசிப்பவர் வில்லின் ஒரே இழுப்பில் நான்கைந்து சுரங்களைக் கோத்துக்கொண்டு போகலாம். கிட்டாரில் அந்த வசதி கிடையாது. இந்த முறையில் ஏறத்தாழ ஒவ்வொரு சுரத்துக்கும் பிக் ஒருமுறை கம்பியைத் தொட்டாக வேண்டும். கீழ்நோக்கிய தட்டு, மேல்நோக்கிய தட்டு என மாறி மாறி வரும் இந்த வாசிப்பில், மேல்நோக்கிய தட்டுகள் சற்றே மெலிந்து ஒலிப்பது பெரும்பாலானோரிடம் காணப்படும் குறை. டாக் வாட்சனிடம் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. எந்தச் சுரம் எந்தத் திசையில் தட்டப்பட்டது என்று காதால் பிரித்தறிவது கடினம்; ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, பிசிறில்லாமல் வந்து விழுகிறது. மெட்டு ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவும் இடங்களில்தான் வேகமாக வாசிப்பவர்கள் சறுக்குவார்கள்; அந்த இடங்களைத் தனியாகக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள். அவர் அங்கே அவசரப்படுவதும் இல்லை, கடினமான இடத்தைக் கடந்துவிட்டேன் என்று ஒரு சுரத்தை அழுத்திப் பெருமைப்படுவதும் இல்லை.

'டீப் ரிவர் ப்ளூஸ்' முற்றிலும் வேறு கையைக் காட்டுகிறது. பழைய கன்ட்ரி இரட்டையரான டெல்மோர் சகோதரர்களின் பாடல் ஒன்றிலிருந்து வந்த இது, விரல்களிடையே பிடிக்கும் பிக்கை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வாசிக்கப்படுவது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் இரண்டு சுரங்களுக்கிடையே மாறி மாறி நடந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கையின் ஓரம் அந்தக் கம்பிகளின் மேல் இலேசாகப் படிந்திருப்பதால் பேஸ் ஒலி நீளாமல் 'தும்' என்று அடங்குகிறது. அதற்கு மேலே ஆள்காட்டி விரல் ஒன்றே மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுத்து, தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக இழைய விடுகிறது. முதல்முறை கேட்பவர் இரண்டு கிட்டார்கள் என்றே நினைக்கக்கூடும். இந்த முறையில் டாக் வாட்சன் தம் முன்னோடியாகக் கருதியவர் கன்ட்ரி கிட்டார் கலைஞரான மெர்ல் டிராவிஸ். அந்த மதிப்பினாலேயே 1949-இல் பிறந்த தம் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தார். 'டாக்ஸ் கிட்டார்' என்ற பகுதியும் இதே விரல்முறைதான், ஆனால் மிக விரைவான நடை. திறமைக்குச் சான்று வேண்டுவோர் அதைக் கேட்கலாம். எனக்கு மெதுவாக நடக்கும் 'டீப் ரிவர் ப்ளூஸ்'தான் கடினமானதாகவும் மேலானதாகவும் படுகிறது, ஏனெனில் அந்த வேகத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கிட்டார் கலைஞர் என்று புகழப்படுவதாலேயே அவர் குரலைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். 'டாக் அபௌட் சஃபரிங்' பாடலில் வாத்தியமே இல்லை. தேவாலய மரபில் வந்த அந்தப் பாடலை வெறுங்குரலில் பாடுகிறார். விரல்கள் இவ்வளவு பேசக்கூடிய ஒருவர், முதல் தனித் தட்டிலேயே அவற்றை முழுதாக அடக்கி வைக்கத் துணிந்தது அவருடைய தன்னம்பிக்கையைக் காட்டுகிறது. 'ஓமி வைஸ்' 1808 வாக்கில் வட கரோலினாவின் ராண்டால்ஃப் வட்டாரத்தில் நடந்த ஒரு கொலையிலிருந்து பிறந்த கதைப்பாடல். அதை அவர் அழுதும் பாடவில்லை, அச்சுறுத்தியும் பாடவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் அந்தச் சமநிலையான குரலுக்குக் கீழே கிட்டார் ஒரே சீராகப் போய்க்கொண்டிருப்பதுதான் கேட்பவரைக் கலங்க வைக்கிறது. 'டாம் டூலி'யும் அவ்வாறே. 1958-இல் கிங்ஸ்டன் ட்ரியோ குழுவால் நாடெங்கும் பரவிய பாடல் அது; அந்தக் கதை நிகழ்ந்த வில்க்ஸ் வட்டாரமோ டாக் வாட்சனின் ஊருக்குப் பக்கத்து வட்டாரம். மெருகேற்றப்பட்ட நகர வடிவத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இவருடைய வடிவம் விறுவிறுப்பாகவும் ஒப்பனையற்றும் ஒலிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நகைச்சுவைப் பாடலான 'இன்டாக்சிகேட்டட் ராட்' ஒருமுறை சிரிக்க வைக்கும். அதற்குப் பிறகு அதைத் தாண்டிப் போகத் தோன்றும். வாத்தியப் பகுதிகள் மிகச் சுருக்கமானவை. மெட்டு மனத்தில் பதிந்து, இனி இதை எப்படியெல்லாம் மாற்றி வாசிப்பார் என்று எதிர்பார்க்கத் தொடங்கும் வேளையில் முடிந்துவிடுகின்றன. பதிவு எளிமையானது, பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு வாத்தியமும்தான்; நிறைந்த ஒலியை விரும்புவோருக்கு இது வறட்சியாகத் தெரியலாம். ஆனால் பிக் கம்பியில் படும் சின்னஞ்சிறு ஒலிகூடக் கேட்கும் நெருக்கத்தை அந்த எளிமைதான் தருகிறது என்பதால், இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓட விடுவதற்கு ஏற்ற தட்டு அல்ல இது; நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் இடக்கையின் விரல்கள் கம்பியில் நகர்வதுகூடத் தெரியும்.

பின்னாளில் கிராமி விருதுகளும், 1997-இல் அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. மகன் மெர்ல் வாட்சன் 1985-இல் டிராக்டர் விபத்தில் இறந்தபின், அவர் நினைவாக 1988 முதல் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் என்ற இசை விழா நடந்துவருகிறது. டாக் வாட்சன் 2012-இல் காலமானார். இந்த முதல் தட்டு பிடித்திருந்தால், அடுத்ததாக 1965-இல் தந்தையும் மகனும் சேர்ந்து வாசித்த தட்டைக் கேட்கலாம். இரண்டாவது கிட்டார் தாளத்தை ஏற்றுக்கொண்டபின் டாக் வாட்சனின் மெட்டு எவ்வளவு தாராளமாக நடமாடுகிறது என்பது அதில் புரியும். அதற்கும் அடுத்து, நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்ற இளைஞர் இசைக்குழு பழைய கலைஞர்களைக் கூட்டி 1972-இல் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் முதன்முறையாகச் சந்தித்துப் பேசிக்கொள்வது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மகனுக்கு மெர்ல் என்று பெயர் வந்த காரணத்தை டாக் வாட்சன் தம் வாயாலேயே அவரிடம் சொல்கிறார்.