டேட்டா சென்டருக்கு கரண்ட்: மேட்டூர் நிலக்கரியா, மொட்டை வெயிலா, கொஞ்சம் விட்டுக்கொடுப்பதா?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் நிற்பது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். நாலைந்து தறிக்கூடம், ஒரு கொலுசுப் பட்டறை, சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. சித்திரை மாத இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது அது உறுமுவது திண்ணை வரை கேட்கும். கம்ப்யூட்டர் சர்வர்களை அடுக்கிவைத்து ஓட்டும் 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று வருகிறதென்றால், அப்படி ஆயிரம் டிரான்ஸ்பார்மர் இழுக்கும் கரண்ட்டை ஒரே காம்பவுண்டு இழுக்கும். முழு லோடில் வருடம் பூராவும் ஓடினால் 87.6 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடுகளாகக் கணக்குப் போட்டால் மூன்றரை லட்சம் வீட்டுக்கு மேல்.

தமிழ்நாட்டில் டேட்டா சென்டர்கள் பெரும்பாலும் அம்பத்தூர், சிறுசேரி என்று சென்னையைச் சுற்றித்தான். அதற்காக சேலத்துக்கு என்ன கவலை என்று இருந்துவிட முடியாது. மாநிலம் முழுக்க கரண்ட் ஓடும் கம்பி வலை, அதாவது கிரிட், ஒன்றுதான். 2024 மே 2-ல் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இதற்கு மேல் வரும் ஒவ்வொரு மெகாவாட்டும் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது நிலக்கரி. நமக்குப் பக்கத்திலேயே மேட்டூர் அனல் நிலையம்: 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நான்கு 210 மெகாவாட் யூனிட்டுகள், 2013-ல் சேர்ந்த 600 மெகாவாட் யூனிட், மொத்தம் 1,440. இரவு பகல் பார்க்காத லோடுக்கு இரவு பகல் பார்க்காத உற்பத்தி, பொருத்தம் கச்சிதம். ஆனால் நிலக்கரி ஒடிசாவிலிருந்து வர வேண்டும், குளிர்விக்கக் காவிரித் தண்ணீர் வேண்டும், சாம்பலுக்கு இடம் வேண்டும். புதிதாக ஒன்று கட்ட நாலைந்து வருடம் சாதாரணமாக ஆகும். டேட்டா சென்டரோ இரண்டு வருடத்தில் எழுந்து நின்றுவிடும்.

அணு மின்சாரம் இன்னும் மெதுவு. கூடங்குளம் முதல் உலை 2002-ல் கட்டத் தொடங்கி, வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் கடைசியில். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்டுக்காக த்ரீ மைல் ஐலண்டில் மூடிக் கிடந்த 835 மெகாவாட் உலையைத் திரும்ப ஓட்ட 2024-ல் ஒப்பந்தம் போட்டார்கள். நம்மிடம் அவ்வளவு பெரிதாகப் பூட்டிவைத்த உலை இல்லை. எரிவாயுவைப் பற்றி நீட்ட வேண்டாம்: டர்பைனுக்கு உலகம் முழுக்க வருடக்கணக்கில் வரிசை, வாயுவும் நமக்கு இறக்குமதிச் சரக்கு.

அடுத்து வெயில். இதில் நமக்குக் குறைவில்லை. இங்கே ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். மேலே சொன்ன 87.6 கோடிக்கு ஏறக்குறைய 580 மெகாவாட் பேனல் வேண்டும். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் என்றால் 2,300 ஏக்கர். நிலம் கிடைத்தால் ஒன்றரை வருடத்தில் முடிகிற வேலைதான். சிக்கல் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. மாலை உச்ச நேரம் நான்கு மணியைக் கடக்க 400 மெகாவாட்-அவர் பேட்டரி (100 மெகாவாட்டை நாலு மணி நேரம் தருவது) போதும். விடிய விடிய ஓட்ட அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும், மழைக்கால மூட்டத்துக்கு அதுவும் போதாது.

பேட்டரிக்குப் பதில், பகல் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கி டர்பைனைச் சுற்றுவது ஒரு வழி, நீரேற்று நிலையம் என்பார்கள். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இதைத்தான் செய்கிறது. ஏற்றும் கரண்டில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும், வசதி பல பத்தாண்டு உழைக்கும். நீலகிரி குந்தாவில் இதேபோல் 500 மெகாவாட்டுக்கு ஆரம்பித்தது எத்தனை வருடம் இழுத்தது என்று பார்த்தால் அவசரத்துக்கு இது உதவாது என்பது புரியும்.

இந்த இடத்தில் என் மச்சான் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். “டேட்டா சென்டரை ஏற்காட்டில் வைத்தால் என்ன மாப்ளே? ஏசி செலவே மிச்சம்.” குளிர் உண்மைதான், 1,500 மீட்டர் உயரம். ஆனால் நூறு டன்னுக்கு மேல் கனக்கும் பவர் டிரான்ஸ்பார்மர் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பயணிகள் பஸ்ஸே வளைவில் பார்த்துப் பார்த்துத் திரும்புகிற ரோடு அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் முதலில் எடுக்க வேண்டியது புது உற்பத்தியே இல்லை, நேரத்தை மாற்றுவது. சேலத்துக்காரர்களுக்கு இது பாடமே எடுக்க வேண்டாம். 2008-க்கு அப்புறம் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீதம் வெட்டு, மாலையில் அதற்கும் மேல். தறிக்கூடத்தில் கரண்ட் போனால் நாடா பாதி வழியில் நிற்கும். வந்ததும் பாவில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடவே அரை மணி நேரம். எங்கள் அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல் தறி ஓட்டப் பழகியது அப்போதுதான். இன்றும் உயரழுத்த ஆலைகள் காலை, மாலை உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டி, ஷிஃப்டை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்கின்றன.

டேட்டா சென்டருக்கும் இது முடியும். ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் குறைத்து ஓட்டினால் எதுவும் கெட்டுவிடாது. யுபிஐ, ஆஸ்பத்திரி போன்றவற்றைத் தொடக் கூடாது, அது வேறு. 2025-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, புது லோடுகள் தங்கள் வருடப் பயன்பாட்டில் 0.25 சதவீதம் மட்டும் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், இருக்கிற அமெரிக்க கிரிட்டே புதிதாக 76,000 மெகாவாட் வரை தாங்கும் என்றது. நம் கிரிட்டுக்கு அதே எண் பொருந்தாது. ஆனால் உச்சம் என்பது வருடத்தில் சில மணி நேரங்கள்தான் என்பது இங்கேயும் உண்மை.

குறைப்பது சொல்லிவைத்து நடக்க வேண்டும். 2024 ஜூலையில் வர்ஜீனியாவில் லைனில் ஒரு கோளாறு. 60 டேட்டா சென்டர்கள் தாமாகவே தங்கள் பேக்கப்புக்குத் தாவ, 1,500 மெகாவாட் லோடு நொடியில் காணாமல் போனது. மேட்டூர் அனல் நிலையம் மொத்தத்தையும் விட அதிகம். லோடு அப்படிச் சட்டென்று இறங்கினாலும் கிரிட்டுக்கு ஆபத்துதான். குறைக்கச் சொன்னால் டீசல் ஜெனரேட்டரைப் போட்டுப் புகை கக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். பேட்டரியும் வேலையைத் தள்ளிவைப்பதும்தான் கணக்கில் வர வேண்டும்.

லைனையும் விட்டுவிடக் கூடாது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் டி.சி. (நேர்மின்னோட்ட) லைன் 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுள்ளது. பழைய கோபுரங்களிலேயே அதிகச் சூடு தாங்கும் புதுக் கம்பியை மாற்றினால் அதே பாதையில் ஏறக்குறைய இருமடங்கு அனுப்பலாம். நிலம் கேட்டு யார் காலிலும் விழ வேண்டாம்.

அப்புறம் பணம் யார் கட்டுவது? ஒஹாயோவில் 2025-ல் ஒரு கட்டண விதிக்கு ஒப்புதல் கிடைத்தது: புதிதாக வரும் பெரிய டேட்டா சென்டர், கேட்ட அளவில் குறைந்தது 85 சதவீதத்துக்கு 12 வருடம் கட்ட வேண்டும், கரண்ட்டைப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். 500 மெகாவாட் கேட்டுவிட்டு 200-ஐ மட்டும் இழுத்தால், மீதிக்காகக் கட்டிய சப்ஸ்டேஷன் செலவு தறிக்காரன் பில்லில் வந்து விழாது.

என் வரிசை இப்படி: முதலில் உச்ச நேரத்தில் குறைக்கும் நிபந்தனையோடு இணைப்பு, கூடவே ஒஹாயோ மாதிரிக் கட்டணம். அடுத்து கம்பி மாற்றம், சோலார், நாலு மணி நேர பேட்டரி. நீரேற்று நிலையத்தை இன்றே தொடங்கினாலும் பலன் அடுத்த பத்தாண்டில்தான். மேட்டூரில் இருக்கிற யூனிட்டுகளை இரவுக்கும் மழைக்காலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். டேட்டா சென்டருக்காக அங்கே இன்னொரு புகைபோக்கி எழுப்ப வேண்டியதில்லை.