சீடரா, மூங்கிலா: நாலு வருஷ அம்புக் கணக்கு

அம்புக்கு என்ன மரம் வாங்கலாம், சீடரா மூங்கிலா என்று நண்பன் போன வாரம் கேட்டான். நாலு வருஷமாக, இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில்லில் இரண்டையும் எய்துகொண்டிருக்கிறேன். சட்டென்று பதில் வரவில்லை.

ஒன்று மட்டும் உடனே சொன்னேன். ஹார்டுவேர் கடை உருளைக் கட்டை வேண்டவே வேண்டாம். என் முதல் அம்பு அதில்தான். மரத்தின் ரேகை நுனிவரை ஓடாமல் பாதியிலேயே சாய்ந்து பக்கவாட்டில் முடிந்திருந்ததை அப்போது பார்க்கத் தெரியவில்லை. நாணை விட்டதும் அந்த இடத்தில் பிளந்து, சிலாம்பு இடது கட்டைவிரல் அடியில் ஏறியது. மூன்று தையல்.

அப்புறம் வந்தது போர்ட் ஆர்ஃபோர்டு சீடர். அமெரிக்காவில் ஆரிகன் தென்மேற்கிலும் கலிஃபோர்னியாவின் வடமேற்கிலும் தானாக வளரும் மரம். ஒரு டஜன் வரவழைக்க ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. லேசானது, நூல் பிடித்த மாதிரி ரேகை, டஜனும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு. ஆனால் ஐப்பசி மழை பிடித்தால் என் உயிரை வாங்குகிறது. சனிக்கிழமை நிமிர்த்தி வைத்ததை ஞாயிறு காலை மேஜையில் உருட்டினால் டக் டக்கென்று துள்ளும். மூன்று கோட் வார்னிஷ் அடித்தும் அதே கதை. கல்லில் பட்டால் முனைக்குப் பின்னால் முறியும். பன்னிரண்டில் மிச்சம் ஐந்து.

மூங்கிலுக்கு இந்த நோய் இல்லை. தணலில் காட்டி நிமிர்த்தினால் அப்படியே நிற்கிறது. தென்னை மரத்தில் மோதியும் பிழைத்திருக்கிறது. தொல்லையெல்லாம் பொறுக்குவதில்தான். விறைப்பை அளக்க 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, அதன்மேல் குச்சி, நடுவில் 907 கிராம், அதாவது இரண்டு பவுண்டு அரிசிப் பை. என் வில்லுக்குத் தண்டு சுமார் 16.5 மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். முப்பது குச்சி வெட்டி வந்தேன். ஒன்று 12 காட்டுகிறது, இன்னொன்று 25. சும்மா விட்டுவிடவும் முடியாது. அம்பு வில்லின் பிடியைச் சுற்றி நெளிந்துதான் வெளியே போகிறது. வலக்கைக்காரன் எய்தால் விறைத்தது இடப்பக்கம் ஒதுங்கும், தொய்ந்தது வலப்பக்கம். முப்பதில் தேறியது எட்டு. கணுக்களை உப்புத்தாளால் தேய்த்தே இரண்டு ஞாயிறு போனது. எட்டும் இன்றுவரை முழுசாக இருக்கின்றன.

ஆகவே மூங்கில்தான் என்று அவனுக்கு எழுதிவிட்டேன். நியாயமும் அதுதான். அன்று ராத்திரியே இன்னொரு டஜன் சீடருக்கு ஆர்டர் போட்டேன். முறிந்த சீடரை மோந்து பார்த்தவனுக்குக் காரணம் புரியும்: இஞ்சியை நசுக்கினாற்போல் ஒரு காரமான வாசம். முறிந்த ஏழின் துண்டுகளும் இப்போது புடவை அலமாரியில். "இந்த வாசனைக் கட்டை என்ன விலைங்க? அக்காவுக்கும் நாலு வாங்கிக் கொடுக்கலாம்" என்கிறாள் மனைவி.