கல் அறுக்க மாஸ்க்கா, தண்ணீரா?

கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் என எதை அறுத்தாலும் சிலிக்கா தூசி கிளம்பும். பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத, 4 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதுதான். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை.

என்95 மாஸ்க்கை வாங்கியதும் மாட்டிக்கொள்ளலாம். 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். சரி, ஆனால் அது வடிகட்டிக்கான கணக்கு. விளிம்பு வழியாக நுழையும் காற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இரண்டு நாள் தாடி இருந்தாலே முகத்தோடு சரியாக ஒட்டாது. வியர்த்து ஊற்றினால் தாடைக்கு இறங்கிவிடும். அப்புறம், அது காப்பாற்றுவது போட்டவரை மட்டும். பக்கத்தில் கலவை போடுகிறவர் என்ன செய்வார்?

தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி கிளம்பும் இடத்திலேயே பெருமளவு அடங்கிவிடும். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் நீர் இடைவிடாமல் விழ வேண்டும். அவ்வப்போது கையால் தெளிப்பதெல்லாம் கணக்கில் வராது. தொல்லையும் உண்டு: தரை வழுக்கும், ஈரத்தில் ஓட்டவென்றே செய்த இயந்திரமும் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். சேற்றை ஈரத்தோடு அள்ளாவிட்டால் காய்ந்து மறுபடி தூசிதான்.

என் ஓட்டு தண்ணீருக்கே. மூடிய அறை என்றால் மாஸ்க்கும் சேரட்டும். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.