"மெயிலே வரலை கண்ணு": காவேரிப்பட்டணத்தில் 3 வாரம்

ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஜூன் மாதம் ஊருக்குப் போனேன். பெங்களூரில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் காவேரிப்பட்டணம் வந்து சேரும்போது மத்தியானம். சாப்பிட்டு முடித்த கையோடு அப்பா போனை நீட்டி, "ஆறு மாசமா மெயிலே வரலை கண்ணு" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் சொல்கிறார், மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி போய் 19 நாள் ஆகிவிட்டதாம். ஏஜென்ட் போன் செய்து, "மூணு தடவை மெயில் போட்டோம் சார்" என்கிறார். அப்பாவோ ஒன்றுகூட வரவில்லை என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்று மறுநாள் தெரிந்தது. அப்பாவுக்கு வயது 71, சர்க்கரை இருக்கிறது. பாலிசி ஒருமுறை விட்டுப்போனால் புதிதாக எடுக்கும்போது காத்திருப்புக் காலம் எல்லாம் முதலில் இருந்து ஆரம்பிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற பாலிசிக்கு 30 நாள் சலுகை உண்டு என்பதால் கையில் 11 நாள் இருந்தது.

நான் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அப்பா கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் போனை இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும், 400 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். நான் வரட்டும் என்று அப்பா திரும்பி வந்துவிட்டார். நல்ல வேளை. ஆண்ட்ராய்டு போனை அப்படி மொத்தமாக அழித்தால், திரும்ப உயிர் வரும்போது அதில் முன்பு இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். திருட்டுப் போன போனை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாத பெரியவருக்கு அந்தப் பூட்டு விழுந்தால் மெயிலும் போய், போனும் போய், போனில் இருந்த படங்களும் போய்விடும். உங்கள் வீட்டில் யாராவது மெயில் வரவில்லை என்று கடைக்குக் கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். மெயில் இருப்பது போனுக்குள் இல்லை, அது எங்கோ இருக்கும் மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில் இருக்கிறது. அதனால் முதலில் அதே கணக்கை ஒரு கம்ப்யூட்டரில், பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே மெயில் இருந்தால் கோளாறு போனில். அங்கேயும் இல்லை என்றால் கோளாறு கணக்கில். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, பாதித் தலைவலி இதிலேயே போய்விடும்.

எங்களுக்கு என்னவோ அந்த ஐந்து நிமிடம் ஒரு நாள் ஆனது. நான் காலேஜ் படிக்கும்போது வாங்கிய டெஸ்க்டாப் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்று சிவப்பாக எச்சரிக்கை. வைஃபை சரியாக இருக்கிறது, போனில் எல்லாம் வருகிறது, இதில் மட்டும் எதுவும் வரவில்லை. வைரஸ் என்று நினைத்து அரை நாள் ஸ்கேன் போட்டதுதான் மிச்சம்.

சரி என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள், "அண்ணா, கீழ வலது ஓரத்துல தேதி என்ன காட்டுது?" என்று கேட்டது. நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைப் பார்க்கச் சொன்னால் 2015 ஜனவரி 1 என்று காட்டுகிறதாம். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு காயின் பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் தேதி பழையபடி பின்னால் போய்விடும். இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. நம் கம்ப்யூட்டர் 2015-இல் இருந்தால் இன்றைய சான்றிதழ் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று, அதனால் நம்ப மாட்டேன் என்கிறது. வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினேன், எச்சரிக்கை போய்விட்டது. அந்தப் பெண் இதற்குக் காசு வாங்கவில்லை. பிரிண்ட் எடுத்ததற்கு மட்டும் 20 ரூபாய். ஊரில் நான் பார்த்த நல்ல சேவை என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதே இடத்தில் எனக்கே ஒரு சிக்கல் வந்தது. பாலிசி நகல் என் மெயிலில் இருந்தது, அதைத்தான் பிரிண்ட் எடுக்கப் போனேன். அப்பாவுடையது கூகுளின் ஜிமெயில், என்னுடையது வேறொரு நிறுவனத்தின் மெயில். புது நாட்டில், புது கம்ப்யூட்டரில் இருந்து வருகிறாய் என்று சொல்லி என் ஜெர்மன் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியது. அந்த சிம்மை ஏர்போர்ட்டிலேயே கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தேன். வீட்டுக்கு ஓடி அதைப் போட்டால் நெட்வொர்க் பிடிக்கவில்லை. செட்டிங்ஸில் தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்து, இந்திய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கையால் தேர்வு செய்தபோது இரண்டாவது பிடித்தது, குறியீடும் வந்தது. டேட்டா ரோமிங் தேவையில்லை, எஸ்எம்எஸ் வர சிக்னல் பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் புறப்படும் முன் உங்கள் மெயில் கணக்கில் இருந்து அவசரக் குறியீடுகளை (பேக்கப் கோடு) எடுத்துக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். கூகுளில் என்றால் 8 இலக்கத்தில் 10 குறியீடு தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும், சிம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். நான் உட்கார்ந்த கம்ப்யூட்டரில் எனக்கு முன்னால் வந்தவரின் மெயில் அப்படியே திறந்து கிடந்தது. வேலைக்கு விண்ணப்பம் போட வந்தவர் போலிருக்கிறது, ஆதார் நகல், மார்க் ஷீட் எல்லாம் அதில் இருந்தன. வெளியேற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். அப்படி மறந்துவிட்டு வந்திருந்தால் வீட்டில் இருந்தே, கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குள் 'உங்கள் சாதனங்கள்' என்பதைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டரை அங்கிருந்து வெளியேற்றலாம்.

இனி அப்பா விஷயம். டெஸ்க்டாப் சரியானதும் அவர் கணக்கைத் திறந்தோம், மேலேயே காரணம் எழுதியிருந்தது: இடம் தீர்ந்துவிட்டது. போனிலும் அதே எச்சரிக்கை பல மாதமாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அப்பா விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் இல்லை. போட்டோ, டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் ஏற்றிய போட்டோக்கள் இந்தக் கணக்கில் சேரும், 2024-இல் இருந்து ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர ஆரம்பித்துவிட்டது. அப்பா ரிட்டயர்டு வாத்தியார், பழைய மாணவர் குழு, ஆசிரியர் சங்கம், கோயில், சொந்தம் என்று எத்தனையோ குழுக்களில் இருக்கிறார். அவருடைய 15 ஜிபியில் 9 ஜிபியை வாட்ஸ்அப் வீடியோக்களே பிடித்திருந்தன. இடம் நிறைந்துவிட்டால் மெயில் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. வருகிற மெயில் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்து அனுப்பியது நிஜம், இங்கே வராததும் நிஜம்.

வாட்ஸ்அப்பில் பேக்கப் பகுதிக்குப் போய் வீடியோக்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு பேக்கப் எடுத்தோம். பழையதன் மேல் புதியது உட்கார்ந்ததும் பெரும் பாரம் குறைந்தது. மெயிலில் பெரியதைத் தேட, தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று போட்டால் 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரும். அழித்ததும் இடம் கிடைத்துவிடாது, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்கும் தேவையே வரவில்லை.

ஆனால் திரும்பிப்போன மெயில்கள் வரவே வராது. இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை, இடம் காலியானதும் எல்லாம் கொட்டும் என்று காத்திருப்பார்கள். யார் யார் அனுப்பியிருப்பார்கள் என்று அப்பாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம்: காப்பீடு, வங்கி, கேஸ், பென்ஷன் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடியும் அனுப்பச் சொன்னோம். காப்பீட்டுப் பணத்தைத் தேதி போன 22-ஆம் நாள் கட்டிவிட்டோம். அன்று ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகும் போனில் மெயில் உடனே வரவில்லை, கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. அப்போது கோளாறு போனில்தான் என்று தெளிவாகிவிட்டதே. ஜிமெயில் செயலியில் அப்பா கணக்கைத் தொட்டுப் பார்த்தால் 'ஜிமெயிலை ஒத்திசை' என்பது (சர்வரில் இருந்து மெயிலைத் தானாகக் கொண்டுவருவது) அணைந்திருந்தது, போனின் பேட்டரி சேமிப்பும் அந்தச் செயலியைப் பின்னணியில் ஓடவிடாமல் வைத்திருந்தது. இரண்டையும் மாற்றியதும் டிங் என்று சத்தம் வந்தது.

கடைசி வாரம் அக்கா வீட்டுக்காரரின் மாங்காய் மண்டியில். பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகிற நேரம், வண்டிக்கு வண்டி எடைச்சீட்டு மெயிலில் போக வேண்டும். மாமா தன் ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் பார்க்கப் பழைய அவுட்லுக் என்ற மென்பொருள் வைத்திருக்கிறார், அது பாஸ்வேர்டு தப்பு தப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. "சரியாத்தானே மாப்பிள்ளை அடிக்கிறேன்" என்கிறார். சரியாகத்தான் அடிக்கிறார். 2022 மே 30-இல் இருந்து தனிநபர் ஜிமெயிலில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துப் பழைய மென்பொருள்கள் உள்ளே வர முடியாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) போட்டுவிட்டு, அந்த மென்பொருளுக்கென்று 16 எழுத்தில் தனியாக ஒரு செயலி பாஸ்வேர்டு வாங்க வேண்டும். முன்பு செட் செய்தவர் அப்படித்தான் செய்திருக்கிறார், மாமாவுக்குச் சொல்லவில்லை. சித்திரையில் மாமா முதன்மை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். மாற்றினால் செயலி பாஸ்வேர்டு எல்லாம் செத்துவிடும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன்.

அதோடு, அது பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொள்வது) இருந்ததால் மெயில்கள் மண்டிக் கம்ப்யூட்டரில் இறங்கியதும் சர்வரில் அழிந்துகொண்டிருந்தன. மாமா போனில் பழைய மெயில் எதுவும் இல்லாததற்கு அதுதான் காரணம். மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறைக்கு மாற்றினேன். செட்டிங்ஸில் போட வேண்டியது: மெயில் உள்ளே வருவதற்கு போர்ட் எண் 993, வெளியே போவதற்கு 465, இரண்டுக்கும் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு. போகக் காத்திருக்கும் மெயில்கள் இருக்கும் அவுட்பாக்ஸில் ஒரு மெயில் நான்கு நாளாக நின்றிருந்தது, காய் படங்கள் 38 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பிதான் இணைக்க முடியும். மூன்றாகப் பிரித்ததும் போய்விட்டது.

இதுவரை இறங்கிய மூன்று வருடத்து மெயில்கள் அந்த ஒரே கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. கிளம்புகிற அன்று காலை அந்த மெயில்கள் இருக்கும் கோப்பைப் பென் டிரைவில் நகல் எடுத்து அக்காவிடம் பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சர்வரில் ஏற்ற நேரம் போதவில்லை, தை மாதம் போகும்போது செய்ய வேண்டும்.