ராத்திரி தூங்காத பூனைக்குட்டி: கடவமா, வராந்தாவா, தனி அறையா, கட்டிலா?

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மூன்றரைக்கு எழுந்து, நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். இப்படி ஒரு வீட்டில் ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் வேலையும் சேர்ந்து கெடும். ஆடி மழையில் இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒன்று வந்து சேர்ந்தபோது எங்களுக்கு அதுதான் நடந்தது. பகலெல்லாம் அரிசிச் சாக்கின் மேல் சுருண்டு கிடக்கும். லைட்டை அணைத்ததும் திரைச்சீலையில் ஏறும், பாத்திர அடுக்கைத் தள்ளும், போர்வைக்குள் அசைகிற கால்விரலைக் கடிக்கும்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "கடவத்தைக் கமுத்திப் போட்டு மேல ஒரு கல்லைத் தூக்கி வையி மக்களே, காலம்பற வரை அசையாது" என்றார் அம்மா. கடவம் என்பது கோழியை மூடி வைக்கும் ஓலைக்கூடை. பக்கத்து வீட்டு அக்கா வராந்தாவில் விடச் சொன்னார். மகளுக்கு அதைக் கட்டிலில் படுக்க வைக்க ஆசை. நான் தனி அறை என்று நினைத்தேன். வராந்தாவைத் தவிர மற்றதையெல்லாம் மூன்று வாரத்தில் செய்து பார்த்துவிட்டோம்.

எது நல்லது என்று சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டியின் ராத்திரிச் சத்தம் இரண்டு வகை. வந்த முதல் நாலைந்து நாள் கேட்கும் நீளமான கத்தல், தாயையும் கூடப்பிறந்தவற்றையும் தேடுகிற கத்தல். அதுவரை நாலு உடம்புச் சூட்டில் ஒன்றாகக் கிடந்த குட்டி திடீரென்று தனியாகிவிட்டது. அப்புறம் வருவது விளையாட்டு ஓட்டம். பூனை அந்தி மயங்கும் நேரத்திலும் விடியலிலும் வேட்டைக்குக் கிளம்பும் பிராணி. குட்டி ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தூங்கும். சாயங்காலம் நாம் அடுப்பிலும் டிவியிலும் இருக்கிறோம், அதை யாரும் கவனிப்பதில்லை. சேர்த்து வைத்த வேகமெல்லாம் நாம் படுத்த பிறகு வெளியே வருகிறது. தனிமைக்கு ஒரு மருந்து, வேகத்துக்கு வேறு மருந்து. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பலன் இருக்காது.

வராந்தா யோசனையை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். நனைந்த குட்டி சீக்கிரம் விறைத்துப்போகும். தெருநாய் உண்டு, மரநாய் உண்டு, ரப்பர் சருகுக்குள் விரியன் உண்டு. சூடு தேடி வண்டி இன்ஜினுக்குள் போய்ப் படுக்கும் ஆபத்தும் இருக்கிறது. "எலி பிடிக்க வேண்டாமா?" என்று அக்கா கேட்டார். இரண்டு மாதக் குட்டியைவிட எங்கள் தோட்டத்துப் பெருச்சாளி பெரிது. தடுப்பூசி முடியாத குட்டியை ராத்திரி வெளியே விடுவதை எந்த வகையிலும் என்னால் ஏற்க முடியாது.

கடவத்தை ஒரு ராத்திரி செய்து பார்த்தேன். அரை மணி நேரம்தான். ஓலை இடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்து, மூக்கு நுனி சிவந்துவிட்டது. பூனை தான் படுக்கும் இடத்தில் மூத்திரம் போக விரும்பாது; கடவத்துக்குள் வேறு இடம் ஏது? கோழிக்குச் சரியான பொருள் பூனைக்கும் சரியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் அம்மாவின் யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. சின்ன இடம், மூடின இடம், குட்டிக்குப் பயத்தைக் குறைக்கும். அதனால் மண் தட்டும் படுக்கையும் தண்ணீரும் தள்ளித் தள்ளி வைக்க இடமிருக்கும் பெரிய கம்பிக் கூண்டு என்றால் நான் மறுக்க மாட்டேன். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது. பகலில் கதவைத் திறந்து போட்டு, உள்ளே வைத்தே சாப்பாடு கொடுத்துப் பழக்கிய பிறகுதான் ராத்திரி பூட்ட வேண்டும்.

தனி அறைக்கு முதலில், வீட்டை ஒட்டி இறக்கிய, ரப்பர் சாமான் கிடக்கும் சாய்ப்பைத்தான் ஒதுக்கினேன். பெரிய தவறு. காலையில் கதவைத் திறந்தபோது குட்டி ஒரு மூலையில் ஒட்டுப்பால் (உறைந்து காய்ந்த ரப்பர் பால்) துண்டைக் காலுக்குள் அமுக்கிக்கொண்டு பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு மாதிரி நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. அதற்கு அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் விழுங்கியிருந்தால் குடலில் அடைத்திருக்கும். நூல், நாடா, ரப்பர் பேண்ட் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். பூனையின் நாக்கில் முள் உள்நோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலை அதால் எளிதில் துப்ப முடியாது. இரண்டடி தள்ளி, ரப்பர் ஷீட்டுக்குப் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் கேன் வேறு நின்றது. அன்றே பிள்ளைகள் படிக்கும் அறைக்கு மாற்றினேன். தனி அறையின் லாபம், வீட்டில் எல்லோரும் தூங்கலாம். நட்டம், முதல் வாரக் குட்டிக்கு அது தனிமையைக் கூட்டுகிறது. கதவைப் பிராண்டி ஒரு மணி வரை கத்தியது.

கட்டில் நேர் எதிர். நெஞ்சில் ஏறிப் படுத்த இரண்டாவது நிமிடம் கத்தல் நின்றது. தனிமைக்கு அதைப்போல மருந்து இல்லை. ஆனால் வேகத்துக்கு அது மருந்தே இல்லை: ஒரு மணிக்கு விழித்தால் நம் கால்விரல்தான் இரை, கொசுவலைதான் ஏணி. எங்கள் வலையில் மூன்று கிழிசல். மிகச் சின்னக் குட்டி என்றால் தூக்கத்தில் நாம் புரண்டு அமுக்கிவிடும் பயமும் உண்டு.

கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அட்டைப்பெட்டியைக் கட்டிலை ஒட்டித் தரையில், கை எட்டும் தூரத்தில் வைத்தேன். உள்ளே தாய்ப்பூனை படுத்திருந்த பழைய துணி. அதைக் குட்டி பிறந்த வீட்டிலேயே கேட்டு வாங்கி வந்தேன், துவைக்காமல். மழை ராத்திரியில் வெந்நீர் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைப்பேன். சூடு அதிகமானால் தள்ளிப் படுக்க மறுபக்கம் இடம் விட்டு. கத்தினால் விரலை மட்டும் பெட்டிக்குள் நீட்டுவேன், தூக்க மாட்டேன். ஐந்தாம் ராத்திரி விரல் தேவைப்படவில்லை.

ஓட்டம் அப்படியேதான் இருந்தது. இடம் மாற்றி அதை அடக்க முடியாது. பூனையின் உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது: வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். நாம் படுக்கும் நேரத்துக்கு அந்த வரிசையை நாமே நடத்திக் கொடுத்தால் கடைசிப் படியான தூக்கம் தானாக வரும். ஒன்பதே காலுக்குத் தொடங்கி கால் மணி நேரம் விளையாட்டு. கடையில் லேசர் லைட் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு ஓடினாலும் கையில் ஒன்றும் அகப்படாது, குட்டி வெறியோடுதான் நிற்கும். கண்ணில் பட்டாலும் கெடுதல். தென்னங்குரும்பை பகலுக்கு அருமை. ஆனால் ராத்திரி டைல்ஸ் தரையில் அது உருளும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும், படுக்கும் முன் எடுத்து வைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் விட நல்லது, நாலைந்து தென்னை ஈர்க்கிலைச் சேர்த்துக் கட்டி நுனியில் கோழி இறகு செருகியது. தரையோடு இழுத்து, கதவு மறைவில் ஒளித்து, நின்று, மறுபடி இழுக்க வேண்டும். முடிவில் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து அது பிடிக்கும்படி விட வேண்டும். விளையாடியதும் ஈர்க்கிலை அலமாரிக்குள் வைத்துவிடுவேன். கையை மட்டும் ஒருநாளும் விளையாட்டுப் பொருளாகக் காட்டாதீர்கள். இன்று கையைக் கடித்தால் ராத்திரி காலைக் கடிக்கும்.

உடனே சாப்பாடு. பசும்பால் வேண்டாம், நிறையக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும், அந்தத் தூக்கக்கேடு இன்னும் மோசம். உப்பும் மிளகாயும் போடாமல் அவித்து, முள் எடுத்து உதிர்த்த சாளை மீன் கொஞ்சம், கூடவே குட்டிகளுக்கான தீவனம். வெறும் மீன் மட்டும் தினமும் போதாது. கருவாடு உப்பு, அது ஆகவே ஆகாது. சாப்பிட்டதும் முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைக்கும். இரண்டாவது காதுக்குப் போகும்போது கண் சொருகும். அந்த நேரத்தில் வீட்டு லைட்டை அணைத்துவிடுவோம்.

விடியற்காலைதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. முதல் வாரம் வீட்டுக்காரர் எழுந்ததும் பாவம் பார்த்து ஒரு துண்டு மீன் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் விடாத மழை, பால்வெட்டு இல்லை, ஆறு மணி வரை தூங்கலாம் என்று படுத்திருந்தார். சரியாக மூன்றரைக்குக் குட்டி அவர் நெஞ்சில் ஏறி மூக்கைத் தட்டியது! "பசிக்குதுல்லா, ஒரு துண்டு கொடுத்தா என்ன?" என்றார். "இன்னைக்குக் கொடுத்தா நாளைக்கு மூணு மணிக்கே எழுப்பும், கேட்டியளா" என்றேன். அன்றிலிருந்து எழுந்தவுடன் அதைப் பார்ப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. காலைச் சாப்பாடு ஆறு மணிக்கு, என் கையால். முதல் மூன்று நாள் முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அதில் மனசு இளகி நாலாம் நாள் கொடுத்திருந்தால், நீளமாகக் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொண்டிருக்கும். கண்டுகொள்ளாமல் விடுவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா, மண் தட்டு சுத்தமா, வயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தீனி தொடாமல் சோர்ந்து கத்துகிற குட்டியை மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும்.

இரண்டு குட்டியாக வளர்ப்பதும் ஒரு வழி. திங்கள்நகரில் என் தங்கை ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை எடுத்தாள். ஒன்றை ஒன்று உருட்டிக் களைத்துக் கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன. தனிமைக் கத்தலே இல்லை. தடுப்பூசியும் தீவனமும் இரட்டிப்பு, அதற்குத் தயார் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

எந்த இடம் ஒதுக்கினாலும் அங்கே கொசுவத்திப் புகை, கற்பூரம், நாப்தலின் உருண்டை வேண்டாம். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்து பூனை உயிரையே எடுக்கும். பாராசிட்டமாலும் அப்படித்தான்.

இப்போது குட்டிக்கு நாலரை மாதம். இனி ராத்திரிக் கத்தல் திரும்பினால் அது இணை தேடும் கத்தலாக இருக்கலாம். அதற்கு ஈர்க்கிலும் சாளையும் உதவாது, கருத்தடைதான் வழி. மருத்துவரிடம் பேசியாகிவிட்டது, அடுத்த மாதம் செய்கிறோம். தையல் ஆறும் வரை ஓடவோ குதிக்கவோ விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பதினைந்து ராத்திரிக்கு மட்டும் இறகை எடுக்காமல், பழைய அட்டைப்பெட்டியை மறுபடி கட்டில் பக்கம் போட வேண்டும்.