ஊதிக் காட்டச் சொன்ன க்ளினிக்: நாலு ஸ்டார்

தை மாசம், கையில ஏழு முகூர்த்தம். காலையில வாய் கொப்பளிச்சா தண்ணி வலது ஓரமா வழியுது. நாதஸ்வரத்துச் சீவாளியை உதட்டுல வெச்சு ஊதினா காத்து புஸ்ஸுன்னு பக்கவாட்டுல போகுது. "காத்து அடிச்சிருக்கு மாமா"ன்னான் தவில்காரப் பையன். முதல்ல போன இடத்துல, உக்காந்த இடத்துலேர்ந்தே பாத்துட்டு "லேசான முகவாதம்தான்"னு கரண்ட் வைக்க அனுப்பிட்டாங்க.

மறுநாள் இந்த காது மூக்கு தொண்டை க்ளினிக். டாக்டரம்மா முதல்ல பாத்ததே நெத்தியை. புருவத்தைத் தூக்கச் சொன்னாங்க, வலப்பக்கம் அசையல. கை கால் பலத்தையும் பாத்துட்டு, "நெத்தி நல்லா சுருங்கி வாய் மட்டும் கோணினா மூளையைச் சந்தேகப்படுவோம். உங்களுக்கு முகத்தை அசைக்கிற ஏழாம் நரம்பு"ன்னாங்க. அப்புறம் கண். எவ்வளவு இறுக்கினாலும் கீழே கோடு மாதிரி வெள்ளை தெரிஞ்சுதாம். முகவாதத்துக்கு ஹவுஸ்-பிராக்மன்னு 1985-ல வந்த அளவு இருக்கு: 1 நார்மல், 6 அசைவே இல்ல. இறுக்கினா கண் முழுசா மூடுதுன்னா 3, மூடலைன்னா 4. எனக்கு 4. மூணு நாளுக்குள்ள தொடங்கணும்னு அன்னைக்கே ப்ரெட்னிசோலோன் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமைக்கு டேப்.

ஆறு வாரத்துல 3-க்கு வந்துட்டேன். "நல்ல முன்னேற்றம்"னாங்க. காத்து என்னவோ இன்னும் கசியுது! பிசியோ தம்பிகிட்ட புலம்பினேன். "அண்ணே, அது மொத்த முகத்துக்கும் ஒரே நம்பர். இதைப் பாருங்க"ன்னு சன்னிபுரூக் ஷீட்டை நீட்டினான். அதுல அஞ்சு அசைவுக்குத் தனித்தனியா 1-லேர்ந்து 5 வரைக்கும் மார்க். அதைக் கூட்டி நாலால பெருக்கி, கோணலுக்கும் தானா சேந்து வர்ற அசைவுக்கும் கழிச்சா, மொத்தம் 100-க்கு முதல் நாள் 34, இப்ப 66. உதட்டைக் குவிக்கிறதுக்கு மட்டும் 3. என் பொழைப்பு அந்த ஒரு வரியில கிடக்கு.

அடுத்த தடவை சீவாளியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி முன்னாடி ஊத வெச்சான். குவிக்கும்போது வலது கண் தானா சிறுத்துச்சு. அதையும் குறிச்சு ஒரு மார்க் கழிச்சிருக்கான். தம் கட்டாம, மெதுவா குவிக்கணுமாம்.

ஒரு ஸ்டார் எதுக்குக் குறைச்சேன்? டோக்கன் வாங்கியும் ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். அது கூடப் போகட்டும், முதல் நாள் முகத்தை வீடியோ எடுத்து வெக்கல. பழைய முகத்தோட ஒப்பிட எனக்கு அந்த 34-தான் இருக்கு.

சித்திரையில ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டேன். மேல் ஸ்தாயியை மட்டும் கூட வாசிக்கிற தம்பி பாத்துப்பான்.