கூட்டுக் கோப்பில் கை வைக்கப் பழகினோம்: மாலை வகுப்பு ஆசிரியர்களோடு நான்கு ஆண்டுகள்

பலர் சேர்ந்து ஒரே கோப்பில் எழுத உதவும் கூகுள் டாக்ஸில் நான் திறந்து பகிர்ந்த முதல் கோப்பு எட்டு நாள் வெறுமையாகவே கிடந்தது. 2021 கடைசி அது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மாலை வகுப்பு நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்த சமயம். மதுரை மாவட்டத்தில் மேலூர், கொட்டாம்பட்டி, அலங்காநல்லூர் பக்கங்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்களும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுமாக 26 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். அவரவர் தனித்தனியாகப் பாடம் தயாரித்து அலுத்துப்போகிறோமே, ஒரே இடத்தில் சேர்ந்து எழுதினால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். லிங்க் அனுப்பினேன். திறந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு தங்கை போன் செய்தார். "அக்கா, நீங்க தலைப்பெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. அதுல நான் எப்படிக் கை வைக்கிறது? ஏதாவது அழிஞ்சுபோச்சுன்னா என்ன செய்ய?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனில் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள், வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்தது தவறு. இன்னொருவர் எழுதியதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் தடுத்தது. அடுத்தவர் நோட்டைக் கேட்காமல் தொடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் சேர்ந்து எழுதும் கோப்பில் அது கையைக் கட்டிப்போடுகிறது.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் நேரில் கூப்பிட்டேன். ஒரு மடிக்கணினி, சுவரில் படம் காட்டும் புரொஜக்டர். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பாடம் ஒன்றைத் திறந்து, எல்லோரும் பார்க்க முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். "அய்யோ அக்கா!" என்று ஒரே சத்தம். பிறகு கோப்பு மெனுவில் போய் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தேன். வலது பக்கம் தேதி, நேரம், யார் மாற்றினார்கள் என்று வரிசையாக வந்தது. பத்து நிமிடத்துக்கு முந்தைய பதிப்பைத் தொட்டு மீட்டெடுத்ததும் பாடம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்து அழித்து அழித்து மீட்டுப் பார்த்தார்கள். அன்று வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர்களுக்குக் கூட்டுக் கருவி சொல்லித்தரப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், தட்டச்சுக்கு முன்னால், பகிர்வதற்கு முன்னால், இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

இரண்டாவதாகக் காட்ட வேண்டியது சஜஸ்டிங் முறை. இதில் நாம் செய்யும் மாற்றம் நேராக ஏறாது. வேறு நிறத்தில் ஒரு யோசனையாக நிற்கும். எழுதியவர் பார்த்து, சரி என்றால் டிக் போடலாம், வேண்டாம் என்றால் தள்ளலாம். வயதில் மூத்தவர் எழுதியதில் திருத்தம் சொல்ல இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை. போன் செயலியிலும் மூன்று புள்ளி மெனுவில் இது உண்டு.

நான் எதிர்பார்க்காமல் நேரம் தின்ற விஷயம் கூகுள் கணக்கு. உள்நுழையாமல் லிங்க்கில் வருபவர்களை டாக்ஸ் ஒரு விலங்குப் பெயரில் காட்டும். யார் எழுதியது என்றே தெரியாது. சரி, எல்லோரும் அவரவர் கணக்கில் வாருங்கள் என்றால், பாதிப் பேர் போனில் இருந்தது மகன் பெயரில், வீட்டுக்காரர் பெயரில் உள்ள கணக்கு. சிலருக்குப் போன் வாங்கின கடையிலேயே போட்டுக் கொடுத்தது, கடவுச்சொல் தெரியாது. இரண்டு ஞாயிறு இதற்கே போயிற்று. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் கணக்கு, கடவுச்சொல் வீட்டு டைரியில். அதைச் செய்து முடித்தபோது சில பெண்கள் முகத்தில் இருந்த நிறைவை மறக்க முடியாது. தன் பெயரில் தனக்கென்று ஒன்று.

அப்புறம் தமிழ். பழைய வினாத்தாள்கள், பயிற்சித் தாள்கள் நிறையப் பேரிடம், யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தன. டி.டி.பி. கடைகளில் அடித்தவை. அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறி வரும். யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். புதிதாக எழுதுவதற்கு, கணினி முன்னால் உட்காருபவர்களுக்கு 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினேன். போனில் எழுதுபவர்கள் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் பேசியே தட்டச்சு செய்கிறார்கள். முதலில் "பிள்ளைக வந்தாய்ங்க, உக்காந்தாய்ங்க" என்று பேச்சு அப்படியே இறங்கும். வேறொருவர் அதை எழுத்து வழக்குக்கு மாற்றுவார். நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. பேசுபவர் ஒருவர், செப்பனிடுபவர் ஒருவர் என்று ஆனபோது, தட்டச்சு வராத காரணத்தால் ஒதுங்கியிருந்த நல்ல ஆசிரியர்கள் உள்ளே வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் 90-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். தட்டச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோட்டில் எழுதிப் படம் எடுத்துப் போடுவார், இளையவர்கள் அடித்துக் கொடுப்பார்கள், அவர் பக்கத்தில் கருத்துப் பெட்டியில் பேசித் திருத்தம் சொல்வார். எல்லோரும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் அவரை இழந்திருப்போம். (சிறு தகவல்: டாக்ஸில் 'கூடுதல் எழுத்துருக்கள்' பகுதியில் 'ஹிந்த் மதுரை' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது. பெரியவர்களுக்கான தாள்களை அதில்தான் பெரிதாக்கி அச்சிடுகிறோம்.)

நாங்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோரும் படமும் குறிப்பும் ஒட்டக்கூடிய பேட்லெட் என்ற இணையப் பலகையில் போட்ட ஊர்ப்பெயர்ப் பாடம். பெரியவர்களுக்கு முதலில் தேவைப்படுவது பஸ் போர்டு படிப்பது. மாட்டுத்தாவணியிலும் பெரியார் நிலையத்திலும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் ஏற வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆசிரியரும் அவரவர் நிறுத்தத்துப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் பலகையில் ஒட்டினார்கள். பிறகு எழுத்து வாரியாகப் பிரித்தோம். ழகரத்துக்குச் சோழவந்தான், கீழடி. ஙகரத்துக்குத் திருமங்கலம், அலங்காநல்லூர், திருப்பரங்குன்றம். ஞகரம் கிடைக்காமல் திண்டாடினோம். செல்லூர்க்காரர் ஒருவர் ஞானஒளிவுபுரத்தைக் கொண்டு வந்து சேர்த்தார். அழகர்கோவில் பக்கத்து ஆசிரியர் பொய்கைக்கரைப்பட்டியைப் போட்டபோது, இதைப் படித்துவிட்டால் எதையும் படிக்கலாம் என்று அவரே கீழே எழுதியிருந்தார். ஒருவர் தனியாக உட்கார்ந்து இந்தப் பாடத்தைச் செய்திருக்க முடியாது. இலவசக் கணக்கில் சில பலகைகள்தான் கிடைக்கும் என்பதால், முடிந்த பலகையைக் கோப்பாக இறக்கி வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்கிறோம்.

இறக்கி வைக்கும் பழக்கம் ஜாம்போர்டு என்ற கூகுளின் இணைய வெள்ளைப்பலகையிலிருந்து வந்தது. விரலால் எழுதிக் காட்ட அது வசதியாக இருந்தது; எழுத்து வடிவம் சொல்லிக்கொடுக்க இரண்டு ஆண்டு அதையே பயன்படுத்தினோம். 2023 செப்டம்பரில் அதை நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. 2024 அக்டோபரிலிருந்து பார்க்க மட்டும், டிசம்பர் 31 உடன் முழுதும் மூடல். அவகாசம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தும் நாங்கள் கடைசி மாதத்தில்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கினோம். சித்திரைத் திருவிழாவுக்காகச் செய்த ஒரு தொகுப்பு யார் கணக்கில் இருக்கிறது என்று தெரியாமலே போய்விட்டது. அதிலிருந்து, மாதக் கடைசியில் இரண்டு பேர் பொறுப்பேற்று எல்லாக் கோப்புகளையும் இறக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்க்கிறார்கள். இலவச இடம் 15 ஜிபி, அதுவும் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. வகுப்பு வீடியோக்களை டிரைவில் குவித்தால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இன்னொரு தவறும் சொல்ல வேண்டும், எங்களுடையதுதான். பிள்ளைகள் பெயர், பெற்றோர் போன் நம்பர் உள்ள வருகைப் பதிவுத் தாளை 'லிங்க் உள்ள எவரும்' என்ற அமைப்பிலேயே ஐந்து மாதம் விட்டிருந்தோம். கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அந்தத் தாளைப் பெயர் குறிப்பிட்ட நான்கு கணக்குகள் மட்டுமே திறக்க முடியும். பலகைகளில் பிள்ளைகள் முகம் தெரியும் படம் போடுவதில்லை.

சரிவராதவை என்றால், பாடங்களை இணையத்தில் வைத்து நடத்தும் மூடுல் என்ற மென்பொருள். ஒரு நண்பர் நிறுவித் தந்தார். நல்ல கருவி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உள்ள இடத்துக்குப் பொருந்தும். எங்களிடம் அப்படி ஆள் இல்லை. இன்னொரு கடவுச்சொல் என்றதும் மூன்று மாதத்தில் வருகை நின்றுவிட்டது. இடையில் ஒரு வெளி அமைப்பு வந்து ஒரே நாளில் 14 கருவிகள் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தந்தது. மறு வாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. ஒரு கருவி, மூன்று மாதம், உண்மையான ஒரு பாடம். எங்களுக்கு இந்தக் கணக்குதான் சரிப்பட்டு வந்தது.

கூட்டம் நடத்துவதற்குக் கூகுளின் வீடியோ அழைப்புச் செயலியான மீட். இலவசத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்தான். வீட்டு வேலை முடித்துவிட்டு இரவு எட்டரைக்கு வருபவர்களுக்கு அதுவே போதும்.

போன வாரம் என் மெயிலில் ஒரு அறிவிப்பு வந்தது: ஒரு கோப்பு என்னுடன் பகிரப்பட்டிருக்கிறது. திறந்தால், ரேஷன் கடை ரசீதைப் படிப்பது பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு பாடம். எழுதியவர், முதல் முதலில் போன் செய்து கை வைக்கலாமா என்று கேட்ட அதே தங்கை. யாரையும் கேட்காமல் அவரே தொடங்கி, ஏழு பேரைச் சேர்த்திருந்தார். தலைப்பில் 'சீட்டு' என்று இருந்ததை 'ரசீது' என்று மாற்ற ஒரு யோசனை போட்டேன். மறுநாள் பார்த்தால் அதைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார்: "எங்க ஊர்ல வயசானவங்க சீட்டுன்னுதான் சொல்லுவாங்க அக்கா. படிக்கப்போறது அவங்கதானே."